தொழிலாளர் முதுமையும் முதலாளிமார் கடமையும்

பினாங்குத் தீவின் நடுவிலே, கொடிமலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள ஊர் ஆயர் ஈத்தாம். மலாய் மொழியில் இப்பெயருக்குக் கருநீர் என்பது பொருள். மலைமீதேறும் ரயில் 1923ஆம் ஆண்டு முதல் இவ்வூரின் பக்கத்திலிருந்தே புறப்படுகின்றது. கெக் லோக் சி என்னும் பெரிய சீன ஆலயம் இங்கேதான் இருக்கின்றது. மாநகருக்குத் தண்ணீர் வழங்குவதற்காக 1962ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற நீர்த்தேக்கமும் இவ்வூருக்கு மேலேதான் இருக்கின்றது. வெளியூரிலிருந்து வருவோர் இவற்றையெல்லாம் கண்டு வியந்து செல்கின்றனர். வியக்கத்தக்கவை என்பதில் நமக்கும் ஐயமில்லை.

ஆனால் ரயிற்பாதையானாலும் சரி, அணையானாலும் சரி, சாலையானாலும் சரி, இந்நாட்டில் எந்தப் பெரிய வேலையைப் பற்றி எழுதப்பட்ட ஏட்டைப் புரட்டினாலும், திறந்து வைத்த பெரிய மனிதர் பெயர் இருக்கும். திட்டம் போட்ட பொறியாளர் பெயர் இருக்கும். மண் வெட்டியவன் பெயரும், கல் சுமந்தவள் பெயரும் மட்டும் இரா. பெயர் இல்லாமற்போனதைப் பற்றி நாம் இங்கே முறையிட வரவில்லை. நாம் கேட்பது வேறொரு கேள்வி. அந்தக் கைகள் ஓய்ந்த பின்னர் அவற்றுக்கு உடையவர்களைக் கை கொடுத்துத் தூக்கிவிட்டவர் யார்? வாயில் கஞ்சி ஊற்றியவர் யார்? அதற்கான செலவை ஏற்றவர் யார்? இக்கேள்விக்கு மலாயாத் தமிழரின் நூற்றாண்டு வரலாறு என்ன விடை சொல்லுகின்றது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலாவதாக, பொருளை வரையறுத்துக் கொள்ளுதல் நலம். வைத்தியம் வேறு, பராமரிப்பு வேறு. காய்ச்சல் வந்தவனுக்கு வைத்தியம் வேண்டும். மருந்துண்டு பத்து நாளில் எழுந்து விடுவான். பக்கவாதத்தால் ஒரு பக்கம் விழுந்து போனவனுக்கும், மறதி நோயால் தன் பிள்ளையையே அடையாளம் அறியாதவளுக்கும் மருத்துவர் செய்யக்கூடியது கொஞ்சம்; பக்கத்திலிருப்பவர் செய்ய வேண்டியதோ ஏராளம். குளிப்பாட்டுதல், உடுத்திவிடுதல், ஊட்டுதல், கழிப்பிடத்துக்கு அழைத்துச் செல்லுதல், படுக்கையினின்று எழுப்புதல், நடக்கத் துணை நிற்றல் ஆகிய ஆறு காரியங்களும் நாள்தோறும், ஆண்டுக்கணக்காக நடைபெற வேண்டும். இதனையே நெடுநாட் பராமரிப்பு என்கின்றோம். இத்தகைய நிலை வருங்கால் உதவும் பொருட்டு, உழைக்கும் காலத்திலேயே சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து வைக்கும் ஏற்பாடு நெடுநாட் பராமரிப்புக் காப்புறுதி எனப்படும். அதனை வேலை கொடுப்போர் தம் தொழிலாளர்க்கு அளிக்கும் நன்மைகளுள் ஒன்றாகச் சேர்க்க வேண்டுமா என்பதே இன்று பல தேசங்களிலும் பேசப்படும் விஷயம்.

நிற்க, நம் வரலாற்றைப் பார்ப்போம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் செபராங் பிறைக் கரும்புத் தோட்டங்களுக்குச் சஞ்சிக் கூலிகளாகத் தமிழர் கொண்டு வரப்பட்டனர். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினர். பிற்காலத்தில் வந்தோர் ஜெரஜாக் தீவில் தடுப்புக் காவலில் வைத்துச் சோதிக்கப்பட்ட பின்னரே கரையேற விடப்பட்டனர். சோதனையின் நோக்கம் யாது? உழைக்கத் தக்க உடம்பா என்று பார்ப்பது. அதாவது, இந்த நாட்டுக்கு வந்த முதல் நாளிலேயே தமிழன் மனிதனாக எண்ணப்படவில்லை. வேலை செய்யும் உடம்பாகவே எண்ணப்பட்டான். அவ்வாறாயின், அந்த உடம்பு தேய்ந்த பின் அவனை என்ன செய்வது? அக்காலத்து முதலாளிமார் கண்ட விடை மிகவும் எளிது. வந்த கப்பலிலேயே திருப்பி ஏற்றிவிடுவது! வாலிபத்தை மலாயா வாங்கிக் கொண்டது. வயோதிகத்தைத் தஞ்சாவூர் ஜில்லாவும் திருச்சி ஜில்லாவும் ஏற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. பிள்ளைப் பருவத்துக்குச் செலவு செய்ததும் ஊர். முதுமைக்குச் செலவு செய்ததும் ஊர். இடையிலே வந்த வரவு மட்டும் தோட்டத்துக்கு. இதைவிட இலாபமான வியாபாரம் உலகில் வேறு உண்டோ என்று கேட்கின்றோம்.

சஞ்சி முறை 1910ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. அதற்கு முன்னரே, 1907ஆம் ஆண்டில், தமிழர் குடியேற்ற நிதி ஒன்றைச் சட்டம் வாயிலாக ஏற்படுத்தினர். பின்னர் அஃது இந்தியர் குடியேற்ற நிதி எனப் பெயர் பெற்றது. இந்நிதியைப் பற்றி நேயர்கள் நன்கு அறிந்திருத்தல் வேண்டும். ஏனெனில் நம் கட்டுரையின் உயிர்நிலை இங்கேதான் இருக்கின்றது. தென்னிந்தியத் தொழிலாளரை வேலைக்கு வைத்திருந்த ஒவ்வொரு முதலாளியும், தம்மிடத்து அவர்கள் வேலை செய்த நாட்களைக் கணக்கிட்டு, அதற்கேற்ப இந்நிதிக்கு வரி கட்ட வேண்டும். புதிய ஆட்களை இலவசமாகக் கப்பலில் கொண்டு வரும் செலவு இதிலிருந்து கொடுக்கப்பட்டது. உடல் நலிந்தோரைத் திருப்பி அனுப்பும் செலவும் இதிலிருந்தே. திரும்பிச் செல்ல வகையற்ற நலிந்தோர்க்கான இல்லங்களுக்கும் இந்நிதி உதவியது.

இதில் கவனிக்க வேண்டியது யாது? தொழிலாளி பெரட்டுக் களத்தில் நின்று பெயர் கொடுத்த ஒவ்வொரு நாளும் அந்த நிதியில் சில காசுகள் விழுந்தன. ஆகவே, வேலை நாளைக் கணக்கிட்டு முதலாளியிடம் பணம் வசூலித்து, அதிலிருந்து நலிந்த தொழிலாளிக்கு உதவலாம் என்னும் தத்துவம் இந்நாட்டுக்குப் புதிதன்று. நூறு ஆண்டுக்கு முன்னரே சட்டத்தில் எழுதப்பட்டுவிட்டது. மேனாட்டாரைப் பார்த்துக் காப்பியடிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்நிதி தொழிலாளியின் நன்மைக்கென்று பிறந்ததன்று. ஆள் பிடிக்கும் செலவை முதலாளிகள் தமக்குள் பங்கிட்டுக் கொள்வதற்காகப் பிறந்தது. நலிந்தோர்க்குக் கிடைத்தது பந்தியில் மிஞ்சிய சோறே.

1922ஆம் ஆண்டு இந்தியக் குடியேற்றச் சட்டமும், 1923ஆம் ஆண்டு மலாயாத் தொழிலாளர் சட்டமும் நிலையைச் சற்றுச் சீராக்கின. வந்து ஓராண்டுக்குள் உடல்நிலை காரணமாகவோ, அநீதி காரணமாகவோ ஊர் திரும்ப விரும்பும் தொழிலாளியைச் செலவின்றி அனுப்ப வேண்டும் என்னும் உரிமை உண்டாயிற்று. ஆயினும் ஓராண்டுக்குள் நலிந்தவனுக்குத்தான் அது உரிமை. இருபது ஆண்டு பால் வெட்டி நலிந்தவனுக்கு அது பிறர் தயவு. 1930 முதல் 1932 வரையில் ரப்பர் விலை வீழ்ந்த போது இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் இந்நாட்டினின்றும் திருப்பி அனுப்பப்பட்டனர். கூலியோ, 1920களின் இறுதியில் நல்ல இடங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் என்று விதிக்கப்பட்டிருந்தது. மந்தம் வந்ததும் அதுவும் குறைந்தது. இந்தக் கூலியில் உண்டு, உடுத்து, ஊருக்கும் அனுப்பி, முதுமைக்கும் சேமித்திருக்க வேண்டும் என்று சொல்வோர் ஒரு மாதம் அக்கூலியில் வாழ்ந்து காட்டியிருந்தால் நன்றாயிருக்கும்.

தோட்டத்தில் குழந்தைகளுக்கு ஆயாக் கொட்டகை இருந்தது. தாய்மார் விடியற்காலையில் பால் வெட்டப் போக வேண்டுமென்பதனால் அஃது ஏற்பட்டது. கிழவர்களுக்கு ஒரு கொட்டகை ஏன் ஏற்படவில்லை? அவர்களைப் பார்த்துக் கொள்ளாவிட்டால் எவருடைய வேலையும் நிற்காது என்று முதலாளி எண்ணினார். பல தோட்டங்களில் அந்தக் கிழவிகளே ஆயாக்களாக அமர்ந்து பிறர் குழந்தைகளைத் தாலாட்டினர். கிழவர்கள் புல் வெட்டினர், பெருக்கினர். கை அசையும் வரையில் அரைப் பேர். கை அசையாவிடில் லயத்து வீடும் இல்லை. ஏனெனில் லயம் வேலைக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும்.

பின்னர் யுத்தம் வந்தது. 1942 முதல் 1945 வரையில் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளருள் பல்லாயிரவர் மீளவில்லை. மகன் காப்பாற்றுவான் என்றிருந்த பெற்றோர் மகனையே இழந்தனர். முதுமைக்குப் பிள்ளையே காப்புறுதி என்னும் பழைய நம்பிக்கை எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகின்றது என்பதை அந்த யுத்தம் நம் ஜனங்களுக்குக் கொடுமையாகக் கற்பித்தது.

யுத்தத்திற்குப் பின் இரண்டு பெரிய சீர்திருத்தங்கள் வந்தன. ஒன்று, 1951ஆம் ஆண்டின் ஊழியர் சேமநிதிச் சட்டம். ஆரம்பத்தில் தொழிலாளி நூற்றுக்கு ஐந்தும், முதலாளி நூற்றுக்கு ஐந்தும் செலுத்தினர். இன்று தொழிலாளி பங்கு 11. முதலாளி பங்கு, 5,000 வெள்ளி வரையில் சம்பளம் வாங்குவோர்க்கு 13, அதற்கு மேற்பட்டோர்க்கு 12. மற்றொன்று, 1969ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம். நம் ஜனங்கள் சொக்சோ என்று வழங்குவது இதனையே. வேலையிடத்து விபத்துக்கு 1971 முதலும், உடல் இயலாமைக்கு 1974 முதலும் அது காப்பளித்து வருகின்றது. இவற்றைச் சிறியன என்று தள்ளுதல் நன்றிகெட்ட செயலாகும். கப்பலேற்றி அனுப்பப்பட்டவனின் பேரன் இன்று சேமநிதிக் கணக்குடையவனாக இருக்கின்றான் என்றால், அது யாருடைய கருணையினாலும் வந்ததன்று. தொழிற்சங்கங்களும் சட்டமும் கொண்டு வந்தது.

எனினும் இவ்விரண்டுக்கும் இடையே ஒரு பள்ளம் இருக்கின்றது. அதனை எடுத்துக் காட்டுவதே நம் கடமை.

சேமநிதி என்பது சேமிப்பு. சேமிப்புக்கும் காப்புறுதிக்கும் வேற்றுமை உண்டு. நம் தோட்டங்களில் மரண சகாய நிதி நடத்தியவர்களுக்கு இவ்வேற்றுமையை நாம் விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொருவரும் சிறு தொகை கொடுப்பர். எவர் வீட்டில் சாவு நேர்கின்றதோ அவர் வீட்டுக்கு மொத்தமும் போகும். கொடுத்தவன் திரும்பப் பெறவில்லையென்றால் அவன் வீட்டில் சாவு நேரவில்லை என்று பொருள்; அதற்காக எவனும் வருந்துவதில்லை. பராமரிப்பும் இத்தன்மையதே. ஒருவர் எண்பது வயது வரையில் நடமாடி ஒரே நாளில் கண்மூடி விடுகின்றார். இன்னொருவர் அறுபத்தைந்தில் விழுந்து பத்தாண்டு படுக்கையில் இருக்கின்றார். யாருக்கு எது என்று முன்கூட்டி எவராலும் சொல்ல முடியாது. பத்தாண்டுப் படுக்கைக்கு வேண்டிய பணத்தை ஒவ்வொரு தொழிலாளியும் தனித்தனியே சேமிக்க வேண்டுமென்றால் எவராலும் இயலாது. அனைவரும் சிறிது கொடுத்துப் பொதுவில் வைத்தால் இயலும்.

ஓர் உதாரணம் சொல்லுகின்றோம். நூறு தொழிலாளர், ஒவ்வொருவருக்கும் மாதம் 2,000 வெள்ளி சம்பளம் என்று வைத்துக் கொள்வோம். சம்பளத்தில் நூற்றுக்கு ஒன்று எடுத்தால் ஆளுக்கு 20 வெள்ளி. அதில் பாதியைத் தொழிலாளியும் பாதியை முதலாளியும் கொடுத்தால் ஆளுக்குப் பத்துப் பத்து. மாதம் சேர்வது 2,000 வெள்ளி. படுக்கையில் விழுந்தோர் நால்வராயின் ஒவ்வொருவருக்கும் 500 வெள்ளி கொடுக்கலாம். உண்மைக் கணக்கு இதைவிடச் சிக்கலானது. இளைஞர் செலுத்துவதைப் பல்லாண்டு சேர்த்து வளர்க்கவும், நிர்வாகச் செலவைக் கழிக்கவும் வேண்டும். ஆயினும் தத்துவம் இவ்வளவே.

சொக்சோவில் இத்தத்துவம் ஏற்கெனவே இருக்கின்றது. இயலாமையால் எப்பொழுதும் பிறர் துணை தேவைப்படுகின்ற தொழிலாளிக்கு, ஓய்வூதியத்துக்கு மேலாக, மாதம் 500 வெள்ளி அளவில் இடையறாப் பராமரிப்புப் படி கொடுக்கும் ஏற்பாடு அதில் உண்டு. மிக நல்ல ஏற்பாடு. ஆனால் வேலை விபத்தால் வந்ததல்லாத இயலாமை அறுபது வயதுக்கு முன் நேர்ந்திருத்தல் வேண்டும். ஐம்பத்தொன்பதில் பக்கவாதம் வந்தவனுக்குப் படி உண்டு. அறுபத்திரண்டில் வந்தவனுக்கு இல்லை. பக்கவாதமும் மறதி நோயும் எந்த வயதில் மிகுதியாக வருகின்றன என்று கேட்டால் சிறு பிள்ளையும் சொல்லும். 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி, 2013 ஜூலை முதல் குறைந்த அளவு ஓய்வு வயது அறுபது. ஆகவே வேலை முடியும் நாளும் காப்பு முடியும் நாளும் ஒன்றாகவே வந்து சேருகின்றன. வெயிற்காலம் முழுதும் குடை கொடுத்துவிட்டு மழை தொடங்கும் அன்று திருப்பி வாங்கிக் கொள்வது போன்றதாம் இது.

கம்பெனிகள் தம் ஊழியர்க்கு எடுத்துக் கொடுக்கும் கூட்டு மருத்துவக் காப்புறுதியும் பெரும்பாலும் இப்படியே. மருத்துவமனைக் கட்டணத்தையும் அறுவைச் செலவையும் கொடுக்கும். வீட்டில் படுத்திருப்பவனுக்குக் கொடாது. வேலையை விட்ட மறுநாள் அதுவும் நிற்கும்.

இதர தேசத்தார் என்ன செய்தனர்? ஜெர்மனியில் 1889ஆம் ஆண்டிலேயே தொழிலாளர்க்கு முதுமைக் காப்புறுதி ஏற்பட்டது. ஆயினும் பராமரிப்புக்கென்று தனிக் காப்புறுதி வர 1995ஆம் ஆண்டு ஜனவரி வரையில் காத்திருக்க வேண்டியதாயிற்று. தொடக்கத்தில் சம்பளத்தில் நூற்றுக்கு ஒன்று. பாதி தொழிலாளி, பாதி முதலாளி. முதலாளிமார் இந்தப் புதிய பாரத்தைத் தாங்க முடியாதென்று முறையிட்டனர். அப்பொழுது அத்தேசத்தார் ஒரு விநோதமான சமரசம் செய்தனர். ஆண்டில் ஒரு சமய விடுமுறை நாளை நீக்கி, அந்த ஒரு நாள் உழைப்பை முதலாளிக்கு ஈடாகக் கொடுத்தனர். சாக்சனி என்னும் மாநிலம் மாத்திரம் விடுமுறையை விட மறுத்தது. ஆகவே அங்கே தொழிலாளர் தம் பங்கைக் கூடுதலாகச் செலுத்துகின்றனர். பண்டிகை நாள் பெரிதா, படுக்கையில் கிடப்போர்க்குச் சோறு பெரிதா என்னும் கேள்விக்கு ஒரு முழுத் தேசம் வெளிப்படையாக விடையளித்த வரலாறு இது. ஆண்டுக்கு எத்தனை நாள் எத்தனை விழாவுக்குச் செலவு செய்கின்றோம் என்று கணக்கிடத் தெரிந்த நம் மக்கள் இதனைச் சற்றே சிந்தித்தல் வேண்டும். அந்தச் சந்தா 2025இல் நூற்றுக்கு 3.6 ஆக உயர்ந்திருக்கின்றது என்பதையும் மறைக்காமல் சொல்லுகின்றோம். பராமரிப்பு மலிவானதன்று, இவ்வளவு காலம் அது மலிவாகத் தோன்றியது, செய்தவர்களுக்குக் கூலி கொடாததனாலேயே.

ஜப்பானில் 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் இத்தகைய காப்புறுதி தொடங்கிற்று. நாற்பது வயதானவர் அனைவரும் சந்தா செலுத்துகின்றனர், வேலையிலிருப்போர்க்கு முதலாளியும் பங்கு கொடுக்கின்றார். நமது அண்டை வீடாகிய சிங்கப்பூரில் 2002இல் தொடங்கிய திட்டம் மாதம் 300 வெள்ளி வீதம் ஐந்தாண்டுக்கு மட்டுமே கொடுத்தது. அது போதாதென்று கண்டு, 2020 அக்டோபரில் ஆயுள் முழுதும் கொடுக்கும் புதிய திட்டத்தைக் கொண்டு வந்தனர். நாம் மேலே சொன்ன ஆறு காரியங்களில் மூன்றைத் தானே செய்ய இயலாதவருக்கு அப்பணம் கிடைக்கும்.

அமெரிக்காவின் கதை எச்சரிக்கையாக அமைந்தது. அங்கே மத்திய அரசாங்க ஊழியர்க்கு 2002ஆம் ஆண்டில் நெடுநாட் பராமரிப்புக் காப்புறுதியை ஊழியர் நன்மையாக அளித்தனர். ஆனால் முதலாளியாகிய அரசாங்கம் சந்தாவில் காசு கொடுக்கவில்லை. விரும்பியவர் முழுச் சந்தாவையும் தாமே செலுத்த வேண்டும். விரும்பியவர் மட்டும் சேரும் இடத்தில் கூட்டம் சிறிதாகும். காப்புறுதிக் கம்பெனிகள் அந்நாட்டில் பொதுவாகவே தப்புக் கணக்குப் போட்டிருந்தன, சேர்ந்தோர் பாதியில் விட்டு விலகுவர் என்றும், முதலீட்டுக்கு நல்ல வட்டி வரும் என்றும் எதிர்பார்த்தன, இரண்டும் பொய்த்தன. 2016ஆம் ஆண்டில் அவ்வூழியர்களின் சந்தா சராசரி நூற்றுக்கு 83 உயர்ந்தது. 2022 டிசம்பரில் புதிய விண்ணப்பங்கள் ஏற்பது நிறுத்தி வைக்கப்பட்டது. இதிலிருந்து கற்பது யாது? ஊழியர் நன்மை என்று பெயர் சூட்டிவிட்டால் மட்டும் அது நன்மையாகிவிடாது. முதலாளி பங்கு கொடாத நன்மை, கடைக்காரன் கொடுக்கும் விலைச் சீட்டைப் போன்றதே.

இனி, இத்திட்டத்துக்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களைப் பார்ப்போம்.

பெற்றோரைக் காப்பது பிள்ளைகளின் தருமம். அதற்குக் காப்புறுதி ஏன் என்று சிலர் கேட்கின்றனர். பிள்ளைகள் என்று வாய் சொன்னாலும், செய்பவள் யார்? மகளும் மருமகளும் அல்லவா? மகன் வேலைக்குப் போகின்றான். மருமகள் வேலையை விட்டு நின்று மாமியாருக்குத் துணி மாற்றுகின்றாள். அவள் வேலையை விட்டதனால் அவளுடைய சேமநிதி நின்றது; அவளுடைய முதுமைக்கு ஆதாரம் போயிற்று. ஒரு கிழவியைக் காப்பாற்றி இன்னொரு கிழவியைத் திக்கற்றவளாக்குவதற்குத் தருமம் என்று பெயர் சூட்டுதல் தகுமா? ஜெர்மனியில் வீட்டிலேயே பார்த்துக் கொள்ளும் உறவினர்க்காகவும், குறித்த அளவு நேரம் செலவிட்டால், ஓய்வூதியச் சந்தாவைக் காப்புறுதியே கட்டுகின்றது. இந்நாட்டிலும் 2022ஆம் ஆண்டில் இல்லத்தரசிகளுக்கெனச் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்து, ஆண்டுக்கு 120 வெள்ளி சந்தாவில் அவர்களுக்குக் காப்பு ஏற்பட்டிருக்கின்றது. வீட்டு வேலையும் வேலையே என்று சட்டம் ஒப்புக் கொண்ட பின்னர், பராமரிப்பும் வேலையே என்று ஒப்புக் கொள்ளுதற்கு என்ன தடை?

எல்லாம் தலைவிதி என்பார் வேறு சிலர். விதியென்று சொல்பவர் தம் வீட்டுக்கும் வண்டிக்கும் காப்புறுதி எடுத்திருப்பதை நாம் காண்கின்றோம். வண்டிக்கு இல்லாத விதி தாய்க்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

தரும இல்லங்கள் இருக்கின்றனவே என்பார் மற்றும் சிலர். உண்மையே. பினாங்கில் பல சமயத்தாரும் முதியோர் இல்லங்கள் நடத்துகின்றனர். உற்றார் அற்ற ஏழைகளுக்கு அரசாங்க இல்லங்களும் உள்ளன. நடத்துவோரை நாம் வணங்குகின்றோம். ஆனால் முப்பது ஆண்டு உழைத்தவன் பிறர் தருமத்தில் வாழ வேண்டும் என்பது எந்த நீதி? தருமம் கொடுப்பவன் மனத்தைப் பொறுத்தது. உரிமை சட்டத்தைப் பொறுத்தது. தருமத்தைப் பெறுபவன் தலை குனிகின்றான். உரிமையைப் பெறுபவன் இரசீதைக் காட்டுகின்றான். தனியார் முதியோர் பராமரிப்பு நிலையங்களை ஒழுங்குபடுத்த 2018இல் சட்டம் இயற்றப்பட்டதும் நன்றே. ஆனால் நிலையம் நன்றாக இருந்து கட்டணம் கட்ட வழியில்லையென்றால் தொழிலாளிக்கு அது கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பலகாரமே.

முதலாளிமார் தாங்கமாட்டார்கள் என்பது கடைசி வாதம். சேமநிதி வந்தபோதும் இதையே சொன்னார்கள். சொக்சோ வந்தபோதும் இதையே சொன்னார்கள். நிதிகளும் நிற்கின்றன, முதலாளிமாரும் நிற்கின்றனர்.

இவ்விடத்தில் நம் சொந்த வரலாறு தரும் ஒரு கசப்பான பாடத்தையும் மறைத்தல் கூடாது. பழைய இந்தியர் குடியேற்ற நிதி, சுதந்திரத்துக்குப் பின் தென்னிந்தியத் தொழிலாளர் நிதி என்னும் பெயரோடு தொடர்ந்தது. 1999ஆம் ஆண்டில் அது கலைக்கப்பட்டு, உடைமைகள் அரசாங்கத்தைச் சேர்ந்தன. யாருடைய வேலை நாட்களைக் கணக்கிட்டு அந்நிதி வளர்ந்ததோ, அவர்களுள் எத்தனை பேருக்கு அப்படி ஒரு நிதி இருந்ததே தெரியும்? தோட்டங்கள் துண்டாடப்பட்டும், வீட்டு மனைகளாக்கப்பட்டும், லயங்களை விட்டுப் பட்டணத்துக்கு வந்து ஒண்டியவர்கள் அவர்கள். ஆகவே நிதி ஏற்படுத்தினால் மட்டும் போதாது. அதில் தொழிலாளியின் பெயரில் கணக்கு இருக்க வேண்டும்; நிர்வாகத்தில் அவன் பிரதிநிதி அமர வேண்டும்; எவ்வளவு வந்தது, எவ்வளவு போயிற்று என்பது ஆண்டுதோறும் அவன் அறியும் மொழியில் அச்சிட்டுத் தரப்பட வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்று தோட்டங்களில் வேலை செய்வோருள் பெரும்பாலோர் இந்தோனேசியரும், வங்காள தேசத்தாரும், பிற தேசத்தாரும் ஆவர். மருத்துவச் சோதனையில் தகுதியற்றவர் என்று கண்டால் அவர்களையும் ஊருக்கு அனுப்பி விடுகின்றோம். ஜெரஜாக் தீவில் நம் பாட்டனார்க்கு நேர்ந்தது இன்று விமான நிலையத்தில் அவர்களுக்கு நேருகின்றது. 2019 ஜனவரி முதல் வேலை விபத்துக்கும், 2024 ஜூலை முதல் உடல் இயலாமைக்கும் அவர்களுக்குச் சொக்சோ காப்பு உண்டாயிருப்பது நல்ல மாறுதல். நமக்கு அநீதி என்று தோன்றியது பிறருக்கு நேரும்போது நியாயமாகி விடாது என்பதை நம்மவர் நினைவில் வைப்பார்களாக.

ஆகவே நாம் சொல்லும் திட்டம் இதுதான். தனித்தனிக் கம்பெனி தன் இஷ்டப்படி கொடுக்கும் சலுகையாக இல்லாமல், சம்பளத்தோடு இணைந்த பொதுக் காப்புறுதியாகப் பராமரிப்பு ஏற்பட வேண்டும். தொழிலாளி வேலை மாறினாலும் அஃது அவனோடு செல்ல வேண்டும். முதலாளியும் தொழிலாளியும் பங்கு செலுத்த வேண்டும். நாட்கூலி பெறுவோர்க்கு அரசாங்கம் கை கொடுக்க வேண்டும். சொக்சோவின் பராமரிப்புப் படிக்கு உள்ள அறுபது வயது எல்லையை நீக்குவதற்கான சந்தாவைக் கணக்கிடுவதே முதற்படியாகலாம். புதிய அலுவலகமும் வேண்டியதில்லை, புதிய கட்டடமும் வேண்டியதில்லை. வீட்டில் பராமரிப்பவருக்குப் படியும் சேமநிதிச் சந்தாவும் கிடைக்க வேண்டும். அதுவரையில், மனமுள்ள முதலாளிமார் தம் கூட்டுக் காப்புறுதியில் பராமரிப்பையும் சேர்த்து, சந்தாவில் பாதியேனும் தாமே ஏற்க வேண்டும். தொழிற்சங்கங்கள் அடுத்த ஒப்பந்தப் பேச்சில் சம்பள உயர்வோடு இதனையும் ஒரு கோரிக்கையாக மேசைமீது வைக்க வேண்டும்.

மலேசியாவில் முதியோர் விகிதம் உயர்ந்த மாநிலங்களுள் பினாங்கும் ஒன்று. ஆயர் ஈத்தாமின் அடுக்குமாடிகளில் பேரப்பிள்ளைகள் பள்ளிக்கும் மக்கள் வேலைக்கும் போன பின்னர், பகல் முழுதும் சன்னலோரம் அமர்ந்திருக்கும் கிழவர்களும் கிழவிகளும் நாளுக்கு நாள் பெருகி வருகின்றனர். அவர்களைக் கப்பலேற்றி அனுப்புவதற்கு இனி வேறு ஊர் இல்லை. அவர்களுக்கு இதுவே ஊர். நாற்பது வயதில் இருக்கும் தொழிலாளத் தோழர்களுக்கு நாம் சொல்லுவதெல்லாம் ஒன்றே. உங்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். சேமநிதிக்கு ஒரு வரி இருக்கின்றது. சொக்சோவுக்கு ஒரு வரி இருக்கின்றது. அதன் கீழே இன்னும் ஒரு வரிக்கு இடமிருக்கின்றது. அந்த வரியை எழுத வைப்பது உங்கள் சங்கத்தின் வேலை. சங்கத்தை எழுப்புவது உங்கள் வேலை.